நிழல்கள் தலையசைக்கின்றன

மனிதர்கள் வருவது நின்ற பிறகும் சோதனைக் கூடத்தின் நாற்காலிகளை யாரும் அப்புறப்படுத்தவில்லை. அரைவட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றின் கைப்பிடியில் யாரோ ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டு இன்னும் இருந்தது. வர்ஷினி அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் விளக்கைப் போட்டு ஒருமுறை பார்த்துவிட்டு அணைப்பாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு ரயில் போன பிறகு நடைமேடையில் நிற்பது போன்ற உணர்வு என்று வேண்டுமானால் சொல்லியிருப்பாள்.

அவள் வேலை பார்த்த கம்பெனி கோயம்புத்தூரில் காது மெஷின் செய்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை வெள்ளிக்கிழமைதோறும் அந்த நாற்காலிகள் நிரம்பும். சோமனூரிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். பெரும்பாலோர் விசைத்தறிக் கூடங்களில் காதைத் தொலைத்தவர்கள். புதிதாகச் செய்த மெஷினை அவர்கள் காதில் மாட்டி, கேமராவை ஓடவிட்டு, கேள்வி கேட்பார்கள்.

"கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க."

"தெளிவா கேக்குதுங்களா?"

"அருமையாக் கேக்குதுங்க."

எல்லோருக்கும் எல்லாமே அருமையாகத்தான் கேட்டது. காது கேளாதவர்கள் முதலில் கற்றுக்கொள்வது தலையாட்டத்தான் என்று வர்ஷினிக்கு அப்போது தெரியாது. ஒருமுறை "என்ன?" என்று கேட்கலாம். இரண்டாம் முறை கேட்டால் எதிரில் இருப்பவரின் முகம் மாறும். மூன்றாம் முறை யாரும் கேட்பதில்லை. ஆம் என்று தலையசைத்து, சிரித்து, அந்த இடத்தைக் கடந்துவிடுவார்கள்.

அதைக் கண்டுபிடித்தது டீதான். சோதனை முடிந்து எல்லோரும் வராந்தாவில் டீக்குக் காத்திருக்கும்போது, வர்ஷினி ஒரு பெண்ணின் பின்னால் நின்று, "அக்கா, சர்க்கரை போடட்டுங்களா?" என்று கேட்டாள். தலையாட்டல். அதில் ஏதோ சந்தேகம் வந்து, "உப்பு போடட்டுங்களா?" என்றாள்.

"போடு அம்மிணி."

வேடிக்கைக்காக உண்மையிலேயே உப்பைப் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பெண் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தந்தாள்.

"எப்படிங்க்கா இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"உப்புங்க்கா அது! உப்பு டீ!"

வராந்தாவே சிரித்தது. அந்தப் பெண்தான் அதிகமாகச் சிரித்தாள். "நீ ஆசையாக் குடுத்தியே, எப்படித் துப்பறது?" என்றாள். பெயர் துளசிமணி. இருபது வருடம் தறி ஓட்டியவள். கணவன் இல்லை, பிருந்தா என்று ஒரு மகள், அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து கேமரா முன்னால் நடந்தது சடங்கு, டீதான் சோதனை. உப்புக்குத் தலையாட்டியவர்களின் மெஷின் மறுபடி பட்டறைக்குப் போகும். அப்படி மாதக்கணக்கில் திருத்தித் திருத்தி உருவானதுதான் 'மைனா'. பருமனானது, பேட்டரி ஒருநாள்கூடத் தாங்காது. ஆனால் அதை மாட்டிய ஒரு வெள்ளிக்கிழமை, வராந்தாவில் அத்தனை பேர் இரைச்சலுக்கு நடுவே, வர்ஷினி பின்னால் நின்று உப்பு போடட்டுமா என்று கேட்டபோது துளசிமணி திரும்பாமலே சொன்னாள்:

"உப்பு வேண்டாம். கொஞ்சம் மொளகாத்தூள் போடு."

வர்ஷினி அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். வாழ்க்கையில் தான் செய்த ஒரு பொருள் இன்னொருவருக்குள் போய் வேலை செய்வதை அவள் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

பிறகு நிழல்கள் வந்தன.

அந்த வார்த்தையைக் கொண்டுவந்தவர் ஜெயந்த், புதிதாகச் சென்னையிலிருந்து வந்த தலைமை அதிகாரி. பழைய வீடியோக்களையெல்லாம் கணினிக்குக் கொடுத்தால், அதில் இருக்கும் ஒவ்வொருவரையும் போலவே பேசும், யோசிக்கும், தலையசைக்கும் ஓர் உருவத்தை அது செய்துவிடும். அதுதான் நிழல்.

"எட்டு மாசம் ஆகுது நமக்கு ஒரு மெஷினைச் செஞ்சு பாக்க" என்றார் கூட்டத்தில். "இனிமே மதியச் சாப்பாட்டுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள பத்தாயிரம் மெஷினை நிழல்களோட காதுல மாட்டி, எது பெஸ்ட்டுன்னு கண்டுபிடிச்சிரலாம். கணினியே வடிவமைக்கும், கணினியே மாட்டிவிடும், நிழல் பதில் சொல்லும். பிளாஸ்டிக் ஒரு கிராம்கூட உருக்க வேண்டாம். யாரும் சோமனூர்லேருந்து பஸ்ல வந்து இடுப்பு நோக வேண்டாம்."

வர்ஷினி கையைத் தூக்கினாள். "சார், வீடியோல அவங்க எல்லாத்துக்கும் கேக்குதுன்னுதான் சொல்லுவாங்க. உண்மை டீ குடிக்கறப்பதான் வெளிய வரும்."

"டீ குடிக்கறப்ப கேமரா ஓடுச்சா?"

"இல்ல."

"யாராவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

"இல்ல சார். அது... சும்மா விளையாட்டா."

"அப்ப டீங்கறது டேட்டா இல்ல வர்ஷினி. டீங்கறது டீ."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எல்லோரும் புது மெஷினை வெளியிடும் அவசரத்தில் இருந்த மாதம் அது. இன்னொருமுறை கையைத் தூக்கினால் எதிரில் இருப்பவர்களின் முகம் மாறும் என்று அவளுக்குத் தோன்றியது. தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அப்படிப் பிறந்ததுதான் 'சிட்டு'. துவரம்பருப்பைவிடச் சற்றே பெரியது. தலைமுடிக்குள் ஒளிந்துவிடும். பேட்டரி மூன்று வாரம் வரும். முன்னால், பின்னால், சமையலறையில், சந்தையில், எங்கிருந்து பேசினாலும் கேட்கும் என்றது விளம்பரம். நிழல்கள் அத்தனையும் அப்படித்தான் சொல்லியிருந்தன. சிட்டு வந்த நாளில், மைனாக்கள் இயங்க நம்பியிருந்த கம்பெனி சர்வரை நிறுத்தினார்கள். பழைய மைனாக்கள் ஒவ்வொன்றாக ஊமையாகின. பழைய சோதனையாளர்களுக்கு மட்டும் கம்பெனி இலவசமாகச் சிட்டு கொடுத்தது. துளசிமணிக்கு வர்ஷினியே கொண்டுபோய் மாட்டிவிட்டாள், பக்கத்துத் தறிகள் ஓடாத நேரத்தில், அமைதியான அறையில், முகத்துக்கு நேராக உட்கார்ந்து.

"கேக்குதுங்களாக்கா?"

"கேக்காம? நீ பண்ணுனதாச்சே."

அந்த ஆண்டு லட்சக்கணக்கில் விற்றது. ஒரு புகார்கூட வரவில்லை.

*

பிருந்தா ஜெர்மனியிலிருந்து போன் செய்தது ஒரு மதியம்.

"வர்ஷினிக்கா, நான் பிருந்தா. துளசிமணி பொண்ணு."

"அடியே! ஜெர்மனின்னு நம்பர் காட்டுது, அங்க போய்ட்டியா? சொல்லவே இல்ல! ஊர் எப்படி?"

"குளுருது. ஆஸ்பத்திரில எல்லாரும் குசுகுசுன்னு பேசறாங்க. அம்மாகிட்டக் கத்திக் கத்திப் பழகுன தொண்டை எனக்கு. 'குட் மார்னிங்'னாலே பேஷண்ட்டு முழிச்சுக்கறாரு."

வர்ஷினி சிரித்தாள். பிருந்தா சிரிக்கவில்லை.

"ஒரு உதவி வேணும்க்கா. அம்மா போன்ல எல்லாத்துக்கும் சரி சரிங்கறா. 'சாப்டியா'ன்னாலும் சரி, 'மழை பெய்யுதா'ன்னாலும் சரி. வீடியோல என் வாய் ஒரு கணம் லேட்டாத்தான் அசையுது, அதனாலயோ என்னமோ. மெஷின்ல கோளாறான்னு ஒருதரம் போய்ப் பாக்கறீங்களா?"

"பாக்கறேன். ஆனா நீ எப்படி அவங்களைத் தனியா விட்டுட்டுப் போனே?"

"வந்திருக்கவே மாட்டேன்க்கா. வேலை கெடச்சதும் பயமா இருந்துச்சு. அம்மா மூஞ்சியப் பாத்துக் கேட்டா அழுதுருவேன். அதான் அம்மா சமையக்கட்டுல நின்னப்ப, பின்னாடி நின்னு கேட்டேன். 'அம்மா, நான் ஜெர்மனி போகட்டுமா? நீ வேண்டாம்னு சொன்னா போகல. சத்தியமாப் போகல. தனியா இருந்துக்குவியா?' அப்படின்னு. புது மெஷின் பின்னால பேசினாலும் கேக்கும்னு போட்ருந்தீங்கல்ல? பழசுலயே கேட்டுச்சே. அம்மா தலையாட்டுனா. 'சரி கண்ணு'ன்னா. அவ்ளோ சுலபமா சொல்லிட்டாளேன்னு எனக்கே கஷ்டமாப் போச்சு. சரி, அவளுக்கே ஒண்ணுமில்லன்னா நமக்கென்னன்னு கெளம்பிட்டேன்."

போனை வைத்த பிறகு வர்ஷினி நெடுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவிநாசி சாலையில் வண்டிகள் ஓடின. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை.

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவள் துளசிமணியின் நிழலைத் திறந்தாள். திரையில் ஒரு சமையலறை. குக்கர் விசில், குழாய்த் தண்ணீர், பக்கத்துத் தறியின் இரைச்சல். அடுப்புப் பக்கம் திரும்பி நின்ற உருவத்தின் காதில் சிட்டு.

"அக்கா, டீயில உப்பு போடட்டுங்களா?" என்றாள்.

நிழல் திரும்பாமலே தலையசைத்தது. "போடு அம்மிணி."

அதே குரல். கடைசி எழுத்தைச் சற்றே இழுக்கும் அதே இழுப்பு. வர்ஷினி தன் மைக்கின் ஒலியைப் பூஜ்ஜியமாக்கினாள். ஒன்றுமே பேசவில்லை. கேள்வி வந்துவிட்டது என்கிற அடையாளத்தை மட்டும் அனுப்பினாள்.

நிழல் ஒரு கணம் காத்திருந்தது. பணிவான, பழகிப்போன ஒரு கணம்.

"சரி அம்மிணி" என்றது.

சிட்டுவைக் காதிலிருந்து கழற்றினாள். வெறும் காது. மறுபடியும் மௌனத்தை அனுப்பினாள்.

"கேக்குது அம்மிணி. நல்லாக் கேக்குது."

அவள் எல்லா நிழல்களையும் ஒரே நேரத்தில் திறந்தாள். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். மௌனத்தை எல்லோருக்கும் அனுப்பினாள். காற்றே இல்லாத வயலில் கதிர்கள் தாமாக அசைவதைப் போல, அத்தனை தலைகளும் ஒன்றாக அசைந்தன.

பிறகு சிட்டு உருவான வழியைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தாள். கணினியிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. இரைச்சலுக்கு நடுவே பின்னாலிருந்து வரும் குரலைப் பிரித்தெடுக்கத்தான் பேட்டரியில் பெரும்பங்கு செலவானது. கணினி அதைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தது. நிழல்கள் கேட்கிறது என்றன. இன்னும் குறைத்தது. அருமை என்றன. மெஷின் சிறியதாக, லேசாக, அழகாக ஆகிக்கொண்டே வந்தது. நிழல்கள் ஒவ்வொரு படியிலும் தலையசைத்து வழியனுப்பின. அமைதியான அறையில் முகத்துக்கு நேராகப் பேசினால் மட்டும் சிட்டு கேட்கும். அதற்குக் குறையக் கூடாது என்று அரசு விதி இருந்தது. டாக்டர்கள் சோதிப்பதும் அப்படியான அறையில்தான்.

*

"புகார் வந்திருக்கா? ஒண்ணே ஒண்ணு காட்டு" என்றார் ஜெயந்த்.

"வராது சார். அவங்க புகார் சொல்ற ஆளுங்க இல்ல. உப்பு டீயவே குடிச்சவங்க."

"மறுபடியும் டீயா?"

"மைனாவையாவது திறந்துவிடலாம். சிட்டுவை வேண்டாங்கறவங்க அதைப் போட்டுக்குவாங்க."

"மைனாவோட சர்வரே இப்ப இல்லம்மா. அந்த இடத்துலதான் நிழல்கள் ஓடுது." அவர் குரல் கடுமையாக இல்லை. "இதப் பாரு. நான் விக்கறதுக்காகப் பேசலை. எங்கப்பாவே சிட்டுதான் போட்டிருக்கார். சூப்பரா இருக்குங்கறார்."

"நீங்க அவர்கிட்ட என்ன கேட்டீங்க?"

"சூப்பரா இருக்கான்னு கேட்டேன்."

சொல்லிவிட்டு அவர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடினார், திறந்தார். எங்கோ ஒரு வீட்டில், தன் பின்னால் பேசும் மகனுக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை இருவருமே பார்த்தது போலிருந்தது.

"அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்" என்றார் கடைசியில், அவளைப் பார்க்காமல்.

"அதையும் நிழல்கள்தான சார் சோதிக்கும்?"

அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார். மறுநாள் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை வர்ஷினி சோமனூருக்குப் போனாள். துளசிமணியின் வீடு ஒரு தறிக் குடோனை ஒட்டியிருந்தது. சுவரே அதிர்ந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று கூப்பிட்டுப் பயனில்லை என்று உள்ளே போய் அவள் முன்னால் நின்றாள். தையல் மெஷினில் நைட்டிக்குக் கை வைத்துக்கொண்டிருந்த துளசிமணி நிமிர்ந்து, எழுந்து, அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"வா அம்மிணி! எளச்சுப் போய்ட்டியே! உங்க கம்பெனில சோறு போடறதில்லையா?"

"போடறாங்க. நாந்தான் கம்ப்யூட்டரப் பாத்துட்டே ஆற விட்டுர்றேன்." முகத்துக்கு நேராக, வாயை நன்றாக அசைத்துச் சொன்னாள். "மெஷின் எப்படிங்க்கா இருக்கு?"

"அதுக்கென்ன, அருமையா இருக்குது. போட்ருக்கறதே தெரியல."

தெரியாதுதான் என்று நினைத்துக்கொண்டாள் வர்ஷினி.

"பிருந்தா பேசுனா. உங்களப் பாத்துட்டு வரச் சொன்னா."

மகள் பெயரை அவள் உதட்டில் பார்த்ததும் துளசிமணியின் முகம் மலர்ந்து, பிறகு மெல்ல அடங்கியது. தைத்துக்கொண்டிருந்த துணியின் மடிப்பை நீவினாள்.

"நல்லா இருக்கட்டும். நல்ல வேலைன்னு எல்லாரும் சொல்றாங்க." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஒண்ணே ஒண்ணுதான் அம்மிணி மனசுல கெடந்து குத்துது. சொன்னா அவகிட்டப் போய்ச் சொல்லிராத."

"சொல்ல மாட்டேன்."

"ஒருநாள் பெட்டிய எடுத்து வெக்கறா. என்ன கண்ணுன்னா, 'அம்மா, ஜெர்மனி'ங்கறா. விசா வந்துருச்சாம், டிக்கெட் வந்துருச்சாம். எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. அப்புறம் நானே மடிச்சுக் குடுத்தேன், நானே பொடியெல்லாம் அரைச்சுக் குடுத்தேன். தடுக்கப் போறனா? இல்ல. ஆனா என்னைய ஒரு வார்த்தை கேட்ருக்கலாமில்ல? போகட்டுமாம்மான்னு ஒரே ஒரு வார்த்தை. இத்தன வருசம் ஒத்தையா வளத்துனவ. எடுத்த முடிவ வந்து சொல்றதுக்கு நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா?"

கேட்டாள் அக்கா. கேட்டாள். நீங்கள்தான் தலையாட்டினீர்கள். அந்தச் சொற்கள் வர்ஷினியின் நாக்கு நுனிவரை வந்தன. எதிரில் அந்த முகம் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தது. சொன்னால் மகள்மேல் இருக்கும் வருத்தம் போய்விடும். அந்த இடத்தில், தானே மகளை அனுப்பிவிட்டோம் என்கிற நினைப்பு வந்து உட்காரும். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று வாழ்நாள் முழுவதும் யோசிப்பாள். அப்புறம் காதிலிருக்கும் சிட்டுவைத் தொட்டுப் பார்ப்பாள். அதன் பிறகு வர்ஷினியைப் பார்ப்பாள்.

"நான் டீ போடறேன்" என்றாள் வர்ஷினி.

"நீ ஏன்? உக்காரு."

"எத்தன டீ போட்டுக் குடுத்திருக்கேன் உங்களுக்கு!"

"போடு, போடு. உப்பு டப்பா மேல இருக்குது, பாத்து!" என்று சிரித்தபடி துளசிமணியும் பின்னாலேயே வந்து, சமையல்கட்டு வாசலில் முக்காலியைப் போட்டுச் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

வர்ஷினி அடுப்பைப் பார்த்து நின்றாள். பால் சூடேறிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓயாமல் அடித்தன. பிருந்தா நின்று கேட்டது இந்தச் சமையல்கட்டில்தான். முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாமல்.

திரும்பாமல், சாதாரணக் குரலில் பேசத் தொடங்கினாள்.

"அக்கா, பிருந்தா உங்களக் கேட்டா. நீங்க இங்க நின்னுட்டிருந்தப்ப, பின்னாடி நின்னு கேட்டா. போகட்டுமாம்மான்னு. நீ வேண்டாம்னா போகல, சத்தியமாப் போகலன்னு. தனியா இருந்துக்குவியான்னு. உங்களுக்குக் கேக்கல. கேக்காதுன்னு அவளுக்குத் தெரியாது. நாங்கதான் கேக்கும்னு சொன்னோம். உங்க காதுல இருக்கறது கேக்கற மெஷினே இல்லக்கா. நீங்க தலையாட்டறதப் பாத்துப் பாத்து செஞ்ச மெஷின். எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சு. கூட்டத்துல ஒருதரம் சொன்னேன். அவங்க சிரிச்சாங்க, நானும் சிரிச்சுட்டு உக்காந்துட்டேன். அவ உங்க முடிவக் கேட்டுத்தான் போனா. உங்களத் தாண்டிப் போகல. அவ மேல வருத்தப்படாதீங்க. என்மேல படுங்க."

பால் பொங்கி வந்தது. அடுப்பைத் தணித்தாள். பின்னால் ஒரு கணம் அமைதி. பணிவான, பழகிப்போன ஒரு கணம்.

"சரி அம்மிணி" என்றாள் துளசிமணி. "அப்படியே பண்ணிரலாம்."

அதே குரல். கடைசி எழுத்தைச் சற்றே இழுக்கும் அதே இழுப்பு.

வர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீயை ஆற்றி, திரும்பினாள். துளசிமணி நிமிர்ந்து சிரித்தாள். வெங்காயத்தில் அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

டம்ளரை நீட்டியபடி, முகத்துக்கு நேராகக் குனிந்து வர்ஷினி கேட்டாள்.

"நான் சொன்னது கேட்டுச்சாக்கா?"

"கேக்காம?" என்று டம்ளரை வாங்கிக்கொண்டாள் துளசிமணி. "நீ பண்ணுனதாச்சே."